தாய்மாமன் நிறம்

அன்னக்கொடியின் மகள் நாகஜோதிக்கு மூன்று வயது முடிந்து, காது குத்த நாள் குறித்தாகிவிட்டது. செக்கானூரணிக்கு மேற்கே உள்ள குலதெய்வக் கோயிலில், வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் விசேஷம். கிடா வாங்கியாயிற்று; பந்தலுக்குச் சொல்லியாயிற்று; ஆசாரிக்கு வெற்றிலை பாக்கும் கொடுத்தாயிற்று. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வருவானா என்பது மட்டும் நிச்சயமாகவில்லை.

மதுரைக்கு மேற்கே, இந்த மேற்கத்திச் சீமைக் குடும்பங்களில் இது சிறிய விஷயமன்று. பந்தல் இல்லாமல் வெயிலில் நின்றுகூடக் காது குத்திவிடலாம். தாய்மாமன் மடி இல்லாமல் குத்தினால், அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஊர் முடிவு செய்துவிடும். அன்னக்கொடிக்குக் கூடப் பிறந்தவன் ஒருவன்தான். அவன் பெயர் முத்திருளன். பரவை காய்கறி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்தான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், அவர்களுடைய தந்தை மொக்கையன் இறந்த பதினாறாம் நாள் விருந்தில், மாப்பிள்ளை பாண்டியராஜனின் பெரியப்பாவை முதல் பந்திக்கு அழைக்க மறந்துவிட்டார்கள். மறந்தவன் முத்திருளன். எழுந்து நின்று கேட்டவன் பாண்டியராஜன். மறந்தது தப்பு என்று இவனும், கேட்ட தோரணை தப்பு என்று அவனும் எண்ணிக்கொண்டார்கள். அன்று தொடங்கி மைத்துனர்கள் இருவருக்கும் பேச்சில்லை. ஒருவருடைய மனைவியாகவும் மற்றவருடைய தங்கையாகவும் இருந்த அன்னக்கொடிக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டது. அவள் விளாங்குடியிலும் அண்ணன் பரவையிலும் குடியிருந்தார்கள். இரண்டும் ஒரே திண்டுக்கல் சாலையில்தான் இருக்கின்றன. ஆயினும் அவள் அண்ணனை அருகிலிருந்து பார்த்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பத்திரிகையோடு பெரியவர்கள் போனபோது முத்திருளன் அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "பாப்போம்" என்றான்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அன்னக்கொடி ஒரு திட்டம் போட்டாள். அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, வீடு குடிபுகுதல் என எதற்கும் சாலையோரத்தில் ஃபிளக்ஸ் பேனர் வைக்காவிட்டால் விசேஷம் நடந்ததாகவே மதுரை வட்டாரத்தில் யாரும் ஒப்புக்கொள்ளாத காலம். பேனரில் அண்ணனுடைய படத்தைப் பெரிதாகப் போட்டு, 'தாய்மாமன்' என்று சிவப்பு எழுத்தில் எழுதி, பரவை மார்க்கெட் வாசலிலேயே கட்டிவிட வேண்டும். தன் மரியாதை நாலு பேர் பார்க்கும்படி தொங்குவதைக் கண்டால் அவன் மனம் இளகும் என்று அவள் நம்பினாள்.

விளாங்குடியில் கிரிதரனும் அவன் மனைவி ஹம்சவேணியும் டிஜிட்டல் ஸ்டுடியோ வைத்திருந்தார்கள். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுப் பெரியவர்கள் மதுரை மகால் பக்கம் பட்டு ஜவுளி வியாபாரத்தில் இருக்க, இவர்கள் இருவரும் தனியே வந்து கடை போட்டவர்கள். விசேஷ வீடுகளுக்குப் போய்ப் படமெடுப்பது கிரிதரன். எடுத்தவற்றைக் கணினியில் திருத்துவது ஹம்சவேணி. அன்னக்கொடி ஒரு சிறிய படத்தைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினாள்.

"ஏக்கா, இதுல அண்ணன் மூஞ்சியே நீலமா இருக்கு" என்றாள் ஹம்சவேணி.

"நீலத் தார்ப்பாய்க்குக் கீழ நின்டா நீலமாத்தேன் இருக்கும். எங்கப்பா பதினாறுக்கு எடுத்தது. நீ கம்ப்யூட்டர்ல மாத்திர மாட்டியா?"

"வேற படம் இல்லயா?"

"எங்கண்ணன் போட்டோவுக்கு நிக்கிற ஆளா? வோட்டர் கார்டுல ஒண்ணு இருக்கு. அதப் பாத்தா எங்க மதினிக்கே அடையாளம் தெரியாது. இதையே வச்சுக்க ஹம்சா. நல்லாத் தெரியணும். மார்க்கெட்டு வாசல்ல வைக்கப் போறம்."

ஹம்சவேணி தொழிலில் அக்கறை உள்ளவள். படத்தை ஸ்கேன் செய்து முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு படத்தில் இருட்டான பகுதி, வெளிச்சமான பகுதி, இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதி என்று மூன்றும் கலந்திருக்க வேண்டும். இதில் எல்லாம் இருட்டிலேயே ஒடுங்கிக் கிடந்தன. கண்கள் இரண்டு குழிகளாகத் தெரிந்தன. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் கோட்டைப் பிடித்து மெல்ல மேலே வளைத்தாள். நெற்றியும் மூக்கும் வெளியே வந்தன. கூடவே நீலமும் வந்தது. நீலத்தைக் குறைத்தால் முகம் செங்கல்லானது. சிவப்பைக் குறைத்தால் பாசியானது. மதியம் முழுவதும் போராடிவிட்டு, கடைசியில் நிறத்தையே மொத்தமாக எடுத்துவிட்டாள்.

கறுப்பு வெள்ளையில் முகம் பளிச்சென்று எழுந்தது. மீசையின் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. கான்ட்ராஸ்டை இன்னும் கொஞ்சம் ஏற்றி, தலையைச் சுற்றி மெல்லிய வெள்ளை ஒளி ஒன்றையும் பரவவிட்டாள். அந்த ஆண்டு நகரத்துக் கல்யாண ஆல்பங்களில் நாலு பக்கமாவது கறுப்பு வெள்ளையில் கேட்பது நாகரிகமாக இருந்தது. அவளுடைய சொந்தத் தங்கையின் ஆல்பத்துக்கு முகப்பே கறுப்பு வெள்ளைதான். ஆகவே, பேனரில் உள்ள முகங்களிலேயே மிக அழகானது இதுதான் என்று அவள் மனநிறைவோடு எழுந்தாள்.

மேற்கத்திச் சீமையின் பேனர்களில் கறுப்பு வெள்ளை முகத்துக்கு வேறொரு பொருள் இருந்தது. குலதெய்வத்தின் படத்துக்குக் கீழே, 'ஆசியுடன்' என்ற தலைப்பில், இறந்துபோன பெரியவர்களை நிறமில்லாமல், தலையைச் சுற்றி வெள்ளை ஒளியோடு போடுவது அங்கே வழக்கம். இந்தப் பேனரிலும் அப்படி மொக்கையனின் படம் இருந்தது. அதை அமைத்தவளும் ஹம்சவேணியே. பழைய படம் என்பதால் நிறமில்லாமல் இருக்கிறது என்று அவள் எண்ணியிருந்தாள்.

அச்சுக்கு அனுப்புமுன் வீட்டாரிடம் மாதிரி காட்டி ஒப்புதல் வாங்கும் முறை ஸ்டுடியோவில் இருந்தது. அங்கிருந்த பிரிண்டர் கறுப்பு மட்டும் அடிக்கும். மாதிரித் தாளில் குழந்தை, தாய் தந்தை, பங்காளிகள், மாமன், இறந்தவர் எல்லாருமே சாம்பல் நிறத்தில்தான் இருந்தார்கள். பாண்டியராஜன் அதை வாங்கி, பெயர்களின் எழுத்துப் பிழையையும் பங்காளிகளின் வரிசையையும் ஊன்றிப் பார்த்தான்.

"மச்சான் படம் எங்க பெரியப்பா படத்தவிடப் பெருசா இருக்கே?"

"தாய்மாமன்ல?" என்றாள் அன்னக்கொடி.

"சரி, அடிக்கச் சொல்லு."

புதன்கிழமை விடிகிற வேளையில் பேனர் பரவை மார்க்கெட் வாசலில் ஏறியது. கட்ட வந்த ஆட்களுக்கு வெளியூர், கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். லாரிகள் உள்ளே நுழையும் நேரம் அது. மூட்டை தூக்கும் சுடலைதான் முதலில் அண்ணாந்து பார்த்தவன். பல வண்ணச் சட்டைகளும் ரோஜா நிற முகங்களும் நிறைந்த கூட்டத்துக்கு நடுவே, ஒளிவட்டம் சூழ, நிறமின்றித் தங்கள் முதலாளியின் முகம் இருப்பதைக் கண்டான். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு மண்டிக்கு ஓடினான். அங்கே முத்திருளன் தராசுக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே! இருக்கீகளா?"

"இல்லாம எங்கடா போவேன்? மூட்டய எறக்கு."

"இல்லண்ணே... வாசல்ல ஒருதரம் போய்ப் பாத்துட்டு வாங்க. நானா எதுவும் சொல்ல மாட்டேன்."

முத்திருளன் போய்ப் பார்த்தான். அவனுக்கு முன்பே அங்கே கூட்டம் சேர்ந்திருந்தது. கறிவேப்பிலை விற்கும் மலையம்மாள் அவனைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தாள்.

"ஆத்தாடி! இந்தா வந்துருச்சுல்ல! நல்லாத்தேன் இருக்கு. நாந்தேன் சொன்னேன்ல, நேத்துக்கூட எங்கிட்டக் கொத்துக் கறிவேப்பிலை ஓசி வாங்கிட்டுப் போச்சுன்னு."

"மாப்ள, மொக்கையன் மாமாவுக்குப் பக்கத்துல எடம் பிடிச்சிட்டியேப்பா" என்றான் தக்காளி மண்டிக்காரன். "மேல காத்து நல்லா வருதா?"

அந்த நேரம் பார்த்து முத்திருளனின் செல்போன் ஒலித்தது. மேலூரிலிருந்து அவன் மனைவியின் சித்தப்பா. மார்க்கெட்டுக்கு வந்து திரும்பிய லாரிக்காரன் ஒருவன் அவருக்குச் செய்தி சொல்லியிருந்தான்.

"அழாம சொல்லுங்க. எப்ப எடுக்கிறீக?" என்றார் அவர்.

"எத?"

"ஆமா, யாரு பேசுறது?"

"முத்திருளன்தேன் பேசுறேன்."

 எதிர்முனையில் இணைப்புத் துண்டிக்கப்பட்டது.

கூட்டம் சிரித்தது. முத்திருளன் சிரிக்கவில்லை. இது பாண்டியராஜன் வேண்டுமென்றே செய்த வேலை என்று அவன் முடிவு கட்டிவிட்டான். "பந்திக்குப் பதில் பண்ணிட்டாப்ல. உசுரோட இருக்கிறவன மேல அனுப்பிட்டு, மடியில புள்ளய வைக்க யாரு வருவாகளாம்? இந்தப் போட்டோவ வச்சே குத்திக்கிறச் சொல்லு" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டு உள்ளே போனான். அவன் சொன்னது மத்தியானத்துக்குள் விளாங்குடிக்கு வந்து சேர்ந்தது.

"நீங்க போய் ஒரு வார்த்த சொல்லுங்க. நம்ம பண்ணலன்னு" என்று அன்னக்கொடி கணவனிடம் கெஞ்சினாள்.

"பண்ணாததுக்கு நான் எதுக்குப் போய்ச் சொல்லணும்? எங்க அத்த மகன் இருக்கான்ல, அவனுக்கு நீ தங்கச்சி முறதேன். அவன் மடியில வச்சுக் குத்துவோம்."

"எங்கூடப் பெறந்தவன் பரவையில உசுரோட இருக்கயில, எம்புள்ள ஊரான் மடியில ஒக்காராது."

வியாழக்கிழமை காலையில் அன்னக்கொடி ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது குரல் எடுத்துச் சண்டை போடுவாள் என்றே ஹம்சவேணி பயந்தாள். ஆனால் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட்டு, "எங்கண்ணனக் கொன்னுட்டியே ஹம்சா" என்றாள். அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் ஹம்சவேணிக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

"எனக்குத் தெரியாதுக்கா. எங்க விசேஷத்துல பிளாக் அண்ட் ஒயிட்டுன்னா அழகுக்குப் போடுறது."

"அழகாத்தேன் இருக்கு. செத்தவுக எல்லாருமே எங்க பேனர்ல அழகாத்தேன் இருப்பாக."

கிரிதரன் கல்யாணம் ஒன்றைப் படமெடுக்க மேலூர் போயிருந்தான். ஹம்சவேணி காத்திருக்கவில்லை. இன்னொரு கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு, கடையைச் சாத்திவிட்டுப் பரவைக்குப் பஸ் ஏறினாள். புதிதாக ஒரு படம் எடுத்துவிட்டால், கலரோடு மறுபடி அச்சடித்து மாட்டிவிடலாம் என்பது அவள் கணக்கு. அவள் போய்ச் சேர்ந்தபோது பேனரில் முத்திருளனின் முகத்தை மட்டும் யாரோ வெங்காயச் சாக்கு ஒன்றால் மறைத்துக் கட்டியிருந்தார்கள்.

மண்டிக்குள் போய், "அண்ணே, அந்தப் படத்தச் செஞ்சது நாந்தான். தப்பு என்னோடது. உங்க மாப்பிள்ளைக்கோ தங்கச்சிக்கோ ஒண்ணும் தெரியாது" என்றாள்.

"யாரு தாயி நீ? செத்தவனப் போட்டோ எடுக்க வந்தியா?"

"உசுரோட எடுக்க வந்தேண்ணே."

சுடலை சிரிப்பை அடக்க மூட்டைக்குப் பின்னால் போய்விட்டான். ஹம்சவேணி நீலத் தார்ப்பாயையும், தான் நிறத்தை எடுத்துவிட்டதையும், கறுப்பு பிரிண்டரையும் ஒன்று விடாமல் சொன்னாள். முத்திருளன் ஒரு வெங்காயத்தை உரித்துக்கொண்டே கேட்டான். பொய் சொல்கிறவள் இவ்வளவு விவரம் சொல்லமாட்டாள் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"எடுத்துக்கப்பா. பாவம், பஸ்ஸுல வந்திருக்கு" என்றாள் வாசலில் நின்ற மலையம்மாள்.

"எடு. ஆனா ஒண்ணு. அது என் மானத்துக்கு. விசேஷத்துக்கு வாரேன்னு நான் சொல்லல. பிரிண்டு அடிக்கு முன்னாடி நானே வந்து பாப்பேன். கறுப்புத் தாள்ல காட்டுற சோலியெல்லாம் எங்கிட்ட வேணாம்."

வெள்ளிக்கிழமை பிற்பகல், மார்க்கெட் ஓய்ந்த பிறகு, முத்திருளன் ஸ்டுடியோவுக்கு வந்தான். ஹம்சவேணி திரையில் பேனரைத் திறந்து, அவனுக்கு ஒரு நாற்காலியும் போட்டாள். இம்முறை அவன் முகம் நல்ல நிறத்தில் இருந்தது.

முத்திருளன் குனிந்து பார்த்தான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"இது யாரு?"

"நீங்கதாண்ணே."

"நான் இம்புட்டுச் செவப்பா?"

ஹம்சவேணிக்கு அவன் கேட்டது முதலில் விளங்கவில்லை. எந்த முகம் வந்தாலும் பிரைட்னஸை இரண்டு படி ஏற்றுவது அவளுக்குக் கைப்பழக்கம். வந்தவர்கள் கேட்பதும் அதைத்தான். கேட்காதவர்களும் அதைக் குறை சொன்னதில்லை. அந்தப் பேனரில் இருந்த எல்லா முகங்களும் அப்படி ஏற்றப்பட்டவை.

பறவைகளின் ஊரில் நடந்ததாக ஒரு கதை உண்டு. கொக்கைப் போல வெள்ளையாக ஆசைப்பட்ட காக்கைக் குஞ்சு ஒன்று, மார்கழிப் பனி இறங்கிய வயலின் நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. பனிக்குள் அதன் கறுப்பு மங்கி, சாம்பல் பூத்தது போலாயிற்று. குஞ்சுக்கு மகிழ்ச்சி. இரையோடு வந்த தாய்க்காக்கை அந்த வயலை வட்டமிட்டு வட்டமிட்டுத் தேடிவிட்டு, குஞ்சைக் காணாமல் அடுத்த ஊருக்குப் பறந்துபோனது. பனி விலகியபோது குஞ்சு தன் பழைய நிறத்தில்தான் இருந்தது; தாய் இல்லை. விளாங்குடிப் பக்கம் இந்தக் கதையை யாரும் ஹம்சவேணிக்குச் சொல்லியிருக்கவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் வெளுப்பா இருந்தாத்தான் பேனர் எடுப்பா இருக்கும்ணே" என்றாள்.

"மார்க்கெட்ல என்னய அம்புட்டுப் பேரும் பாக்குறாய்ங்க. நேத்துச் செத்தவன் இன்னைக்கு வெள்ளக்காரனாப் பொறந்துட்டான்னு சொல்லவா? எறக்கு தாயி."

அவள் மவுஸைப் பிடித்துக் கோட்டை மெல்லக் கீழே இறக்கினாள். கன்னத்தின் வெளுப்பு மறைந்தது. நெற்றி, தாமிரம் போலாகி, பிறகு அதனினும் கருத்தது.

"இன்னும்."

"இதுக்கு மேல போனா கண்ணு தெரியாதுண்ணே."

"கண்ண நீ தனியாப் பாத்துக்க. தோல எறக்கு."

அவன் சொன்னது சரி. இருட்டான பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, இடைப்பட்ட பகுதியை மட்டும் இறக்கினாள். கண்ணின் வெள்ளையை மட்டும் தனியே தேர்ந்தெடுத்து விட்டுவைத்தாள். முகத்தில் எலும்பும் வடிவமும் வந்தன. காதோரத்து நரையும் தெரிந்தது.

"அங்கதேன். நிறுத்து" என்றான் முத்திருளன். "இப்பத்தேன் நானு."

எழுந்திருக்கப் போனவன் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவன் படத்துக்குப் பக்கத்தில் அன்னக்கொடியின் படம் இருந்தது. ரோஜாப் பூ நிறத்தில், வழவழப்பாக, கோயில் கடையில் விற்கும் பொம்மையைப் போல இருந்தாள்.

"இது யாருன்னு போட்டிருக்க?"

"உங்க தங்கச்சிண்ணே."

"எந்தங்கச்சிய எனக்குத் தெரியாதா? நாங்க ரெண்டு பேரும் எங்கப்பன் நெறம். இப்ப என்னய எறக்கிட்ட, அவள மேலயே வச்சிருக்க. பாக்குறவனுக்கு இவக கூடப் பெறந்தவுகன்னு எப்படித் தெரியும்? அவளையும் எறக்கு."

"அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அவ சொன்னா எங்கிட்ட வரச் சொல்லு."

இதைச் சொல்லிவிட்டு அவனே சற்றுத் திகைத்தான். ஹம்சவேணி கவனிக்காதவளைப் போல அன்னக்கொடியின் முகத்தைத் தேர்ந்தெடுத்து இறக்கத் தொடங்கினாள். முத்திருளன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ஐயையோ, அம்புட்டு வேணாம், அவ என்னயவிட ஒரு நூல் தெளிவு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நான்கு ஆண்டுகளாக முகம் பாராத தங்கையின் நிறத்தை அவன் தன் நிறத்தைக் காட்டிலும் நிச்சயமாக அறிந்திருந்தான்.

நிறம் சரியானது. ஆனாலும் அவனுக்கு ஏதோ குறைந்தது.

"தாடையில ஒரு தழும்பு இருக்கணுமே. எடுத்துட்டியா?"

"நான் எதையும் எடுக்கலண்ணே. வெளிச்சம் கூடிட்டா சின்னக் கோடெல்லாம் அதுலயே அடிபட்டுப் போயிரும்."

அவள் கர்வ்ஸை விட்டுவிட்டு, படத்தின் வெளிச்சமான பகுதியை மட்டும் அடக்கினாள். மூக்கின் மேலிருந்த பளபளப்பு குறைந்தது. கன்னத்தில் மெல்லிய சுருக்கங்கள் வந்தன. பிறகு தாடையின் இடப்பக்கம், உதட்டுக்குக் கீழே, அரிசி நீளத்துக்கு ஒரு கோடு தெரிந்தது.

முத்திருளன் கைநீட்டித் திரையில் அந்த இடத்தைத் தொட்டான்.

"நான் ஓட்டுன சைக்கிள்ல விழுந்தது. மடைப் பாலத்துல. இவ அழுகல, நாந்தேன் அழுதேன். வீட்டுல யாருகிட்டயும் அவ சொல்லல" என்றான். பிறகு, "இளச்சுட்டாளா?" என்று கேட்டான்.

"இந்தப் படம் போன மாசம் எடுத்ததுண்ணே. இப்படித்தான் இருக்காங்க."

ஹம்சவேணி தானாகவே குழந்தையின் முகத்தையும் பாண்டியராஜன் முகத்தையும் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தாள். மொக்கையன் மட்டும் மேலே, அவர் இருக்க வேண்டியபடி, நிறமின்றி இருந்தார். அவருடைய முகத்துக்கும் கீழே இருந்த இரண்டு முகங்களுக்கும் உள்ள ஒற்றுமை இப்போது பார்த்தவுடன் தெரிந்தது.

"அடிச்சிரு" என்று சொல்லி எழுந்தான் முத்திருளன்.

"அப்ப ஞாயித்துக்கிழமை..."

"பேனர மாத்து மொதல்ல."

சனிக்கிழமை புதிய பேனர் பரவையில் ஏறியது. அன்னக்கொடி பஸ்ஸில் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள். பேனர் நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஹம்சவேணியிடம் சொல்லவில்லை. "தழும்பு தெரியுது" என்றாள். அதைக் காட்டச் சொன்னவன் யார் என்று ஹம்சவேணி சொன்னபோது, தன் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வாசற்படி இறங்கிப் போனாள். ஆயினும் முத்திருளன் வருகிறான் என்று சொல்ல யாரிடமும் செய்தி இல்லை. மண்டிக்கு ஆள் அனுப்பியபோது, அவன் சரக்கு எடுக்க வெளியூர் போயிருப்பதாகப் பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பொங்கல் பொங்கியது, கிடா வெட்டினார்கள், குழந்தைக்கு மொட்டையும் போட்டாயிற்று. ஆசாரி ஊசியையும் தங்கத் தோட்டையும் தட்டில் வைத்துக்கொண்டு மரத்தடியில் காத்திருந்தார். நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. மணை காலியாகக் கிடந்தது.

"ஆளு வரல. அவன ஒக்காரச் சொல்லட்டுமா?" என்றான் பாண்டியராஜன். அவனுடைய அத்தை மகன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு தயாராக நின்றான்.

"நேரம் இருக்கு" என்றாள் அன்னக்கொடி.

"எம்புட்டு இருக்கு? ஆசாரி இன்னொரு ஊரு போகணும்."

"போகட்டும். இன்னைக்கு இல்லாட்டி அடுத்த வருசம் குத்துவோம்."

கூட்டத்தில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நாகஜோதி தாயின் இடுப்பில் தூங்கி வழிந்தாள்.

மேளச் சத்தம் முதலில் கேட்டது. வேன் பிறகுதான் திரும்பியது. சுடலையும் மார்க்கெட் ஆட்களும் சீர்த் தட்டுகளோடு இறங்கினார்கள். பழம், தேங்காய், பட்டுப் பாவாடை ஆகியவற்றுக்கு நடுவே, யார் யோசனையோ, ஒரு தட்டு நிறைய வெங்காயமும் இருந்தது. கடைசியாக முத்திருளன் இறங்கினான். புதுச் சட்டை. யாரையும் பார்க்காமல் நேரே மரத்தடிக்கு வந்து, மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டினான். அன்னக்கொடி குழந்தையை அவன் மடியில் வைத்தாள்.

முன்பின் பார்த்திராத மாமனைக் கண்டு நாகஜோதிக்குத் தூக்கம் கலைந்தது. ஆசாரியின் கையில் ஊசியைக் கண்டதும் அவள் அலறிய அலறலில் மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். வலக்காது ஒருவாறு முடிந்தது. இடக்காதுக்குத் திரும்புவதற்குள் குழந்தை உடம்பை வில்லாக வளைத்து, மாமனின் வயிற்றில் ஓங்கி உதைத்தது. முத்திருளன் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்திருந்தான். கால்களைப் பிடிக்க அவனுக்குக் கையில்லை. ஆசாரி ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மிக அருகில் நின்றவன் பாண்டியராஜன்தான்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? காலப் பிடிங்க மாப்ள!" என்றான் முத்திருளன்.

பாண்டியராஜன் உட்கார்ந்து பிடித்தான். "தலைய ஆட்டாமப் பிடிங்க மச்சான்" என்றான் அவனும்.

இரண்டாவது காதும் குத்தியாயிற்று.